பாலம் தாண்டி ஒரு போத்தல்

நியூசிலாந்து வைன் போத்தல்களில் அநேகமானவற்றுக்குத் தக்கையே கிடையாது. திருகினால் திறக்கும் மூடிதான். அந்த மூடியை ஒரு பரிசாரகன் இரண்டு செக்கனில் திருகிவிட்டு, அதற்காகக் குடிக்கும் ஆள் ஒவ்வொருவரிடமும் பணம் வாங்குவான். அதற்கு ஒக்லாந்தில் கோர்க்கேஜ், அதாவது தக்கைக் கூலி, என்று பெயர். அவனுடைய போத்தலும் இல்லை, அவனுடைய வைனும் இல்லை. உங்கள் போத்தலை நீங்களே கொண்டுவரலாம் என்று கண்ணாடியில் எழுதிவைத்திருக்கும் உணவகங்களைத் தேடி ஒரு மாதம் அலைந்தவள் என்பதால் இதைத் திட்ட எனக்கு உரிமை உண்டு.

தேடியதற்குக் காரணம் எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ ஓய்வுபெற்ற விருந்தில் ஒரு கிளாஸ் வெள்ளை வைன் கையில் தந்தார்கள். குடித்தேன், பிடித்துவிட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் ஹில்ஸ்பரோ வீட்டுச் சமையலறையில் ஒரு கிளாஸ் குடிக்கிறேன். என் கணவர் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை, பெருந்தன்மையான மனுஷன். யன்னல் திரையை மட்டும் இழுத்துவிடுவார்.

அவர் குடிக்கிற விதம் வேறு. பிறந்தநாள், கல்யாணம், சாமத்தியவீடு, எந்தக் கொண்டாட்டமென்றாலும் எங்கள் ஆண்கள் மண்டபத்துக்குள் கால்மணி நேரம்கூட இருக்கமாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கார் நிறுத்துமிடத்துக்கு நழுவுவார்கள். அங்கே யாராவது ஒருவருடைய கார் டிக்கி திறந்திருக்கும், உள்ளே விஸ்கியும் கடதாசிக் கோப்பையும் இருக்கும். டொக்டர், எஞ்சினியர், வீட்டுக்கடன் ஆலோசகர் என்று பெரிய பெரிய மனிதர்களெல்லாம் உதிரி டயரைச் சுற்றி நின்று உலக அரசியல் கதைப்பார்கள். பிறகு ஏலக்காயை மென்றுகொண்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல உள்ளே வருவார்கள். இருபத்தைந்து வருடத்தில் ஒரு விருந்திலாவது அவர் எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டு முடித்ததில்லை. எனக்குப் பக்கத்துக் கதிரையில் எப்போதும் என் கைப்பைதான் இருக்கும்.

அதனால் நான் நகையோ புடவையோ கேட்கவில்லை. ஒரு கடை, ஒரு மேசை. நீங்கள் வார்க்க வேண்டும், நான் வெளிச்சத்தில் குடிக்க வேண்டும். சாப்பாடு முடியும்வரை எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன்.

"ஓம், அதுக்கென்ன," என்றார். பிறகு நிபந்தனை வந்தது. "விலை கூடின இடம் வேண்டாம். எங்கட ஆக்கள் வாற இடமும் வேண்டாம்."

நகருக்குள் பார்த்தேன். ஒரு கடையில் உணவுப் பட்டியலைவிட வைன் பட்டியல் தடிப்பாக இருந்தது. எங்கள் தெரு மூலைச் சுப்பர்மார்க்கெட்டில் நான் வாங்குகிற அதே போத்தலுக்கு மூன்று மடங்கு விலை போட்டு, அதைப் பற்றி நாலு வரி வர்ணனையும் எழுதியிருந்தார்கள். இன்னொரு கடையில் போத்தல் கொண்டுவரலாம், ஆனால் திங்கள் முதல் புதன் வரைதான், அதுவும் ஆறு பேருக்கு மேல் என்றால் முடியாது. தண்ணீர் குடிக்கிறவனுக்கும் சேர்த்துக் கோர்க்கேஜ் கேட்ட மகானையும் சந்தித்தேன். மலிவான இந்தியக் கடைகளை, எங்கள் ஆட்கள் வருவார்கள் என்று, இவர் ஒரே பேச்சில் தட்டிவிட்டார். புளொக்ஹவுஸ் பே பக்கம் என்றதும் முகம் வெளிறிவிட்டது. அங்கே ஒரு தெருவில் மட்டும் அவருக்கு மூன்று சகலன்மார்.

கடைசியில் அவரே கண்டுபிடித்தார். துறைமுகத்துக்கு அக்கரையில், கிளென்ஃபீல்டில் ஒரு சின்னச் சீனக் கடை. "பாலத்தைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம்," என்றார். துறைமுகப் பாலத்தைப் பெருங்கடல் என்று நினைத்துவிட்டார் போலும். தொலைபேசியில் விஸ்கி கொண்டுவரலாமா என்றும் கேட்டுப் பார்த்தார். வைன் மட்டும்தான் என்றார்கள்.

ஜனவரி மாதம், புதன்கிழமை, பின்னேரம் ஆறு மணி. இங்கே ஜனவரி கோடைகாலம், அந்த நேரத்திலும் நல்ல வெயில். போத்தலைக் கோயில் திருவிழாவில் கொடுத்த முருகன் படம் போட்ட துணிப்பையில் வைத்து எடுத்து வந்தார். பரிசாரகன் ஒரு கேத்தலில் மல்லிகைத் தேநீரும் இரண்டு கோப்பையும் கொண்டு வந்து வைத்தான், மூடியைத் திருகினான், எத்தனை பேர் குடிக்கிறீர்கள் என்று கேட்டான். இவர் இரண்டு விரலைக் காட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை. என் கிளாஸில் அவர் கையாலேயே வார்த்தார், பிறகு தனக்கும் வார்த்தார்.

நான் கிளாஸைத் தூக்கும்போது கதவு திறந்தது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தலைவரும் அவர் மனைவியும். அந்த மனைவி அங்கே பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர்.

என் கணவருடைய கை அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததேயில்லை. என் கிளாஸைப் பறித்துத் தேநீர்க் கேத்தலுக்குள் கவிழ்த்தார். தன்னுடையதையும் கவிழ்த்தார். போத்தல் மேசைக்குக் கீழே போனது. "வாங்கோ வாங்கோ, இருங்கோ!" என்று எழுந்தும் நின்றார். வந்தவர்களை இருத்தாமல் விட்டால் மரியாதை இல்லையே!

"சும்மா, நூடில்ஸ் சாப்பிடுவமெண்டு வந்தனாங்கள்," என்றார் தலைவர். மனைவி ஒரு புடவைக்கடைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தார். அதை மெல்லக் கீழே வைக்கும்போது டிங் என்றது.

பரிசாரகன் வந்தான். புதிதாக இரண்டு பேர் இருப்பதைக் கண்டான், இரண்டு கோப்பை வைத்தான், கேத்தலைத் தூக்கி நாலு பேருக்கும் வார்த்துவிட்டுப் போனான். தலைவர் ஒரு மிடறு குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

"நல்ல தேத்தண்ணி," என்றார் தலைவர். கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

நாலு படித்த மனிதர்கள் பட்டப்பகலில் தேநீர் கலந்த வெதுவெதுப்பான வைனைத் தேநீர் என்று சொல்லிக் குடித்துக்கொண்டு, பரிசளிப்பு விழாவுக்கு யாரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடுவது என்று கதைத்தோம். அந்த விழாவின் தலைப்பு நேர்மை. எனக்கு வெறுத்துப்போனது. அவர்களைப் பார்த்து மட்டுமில்லை, என்னைப் பார்த்தும்தான். நானும் இரண்டு மிடறு குடித்துத் தலையாட்டியிருந்தேன்.

குனிந்து போத்தலை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். என் கிளாஸை நானே நிரப்பினேன்.

"இது வைன்," என்றேன். "எனக்குத்தான். இண்டைக்கு எங்கட கலியாண நாள்."

என் கணவர் எழுந்தார். "காருக்குள்ள ஒரு சாமான் கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்."

"நில்லுங்கோ, நானும் வாறன்," என்றார் தலைவர்.

கண்ணாடி வழியே பார்த்தேன். கொளுத்தும் வெயிலில் எங்கள் காரின் டிக்கி மெதுவாக உயர்ந்தது. மூடிக்குக் கீழே இரண்டு முதுகுகள் குனிந்தன.

தலைவரின் மனைவி தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். எழுந்து வந்து, என் கணவருடைய கதிரையில் இருந்தார். "எனக்கும் கிளாஸிலயே விடுங்கோ," என்றார். விட்டேன். அவர் பையில் இருந்தது சிவப்பு. அதையும் திறந்தோம்.

நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தபோதும் டிக்கி மூடப்படவில்லை. பில் வந்தது. கோர்க்கேஜ் இரண்டு பேருக்கு என்று முதலிலேயே எழுதியிருந்தான். சரியாகத்தான் இருந்தது, மாற்றச் சொல்லவில்லை.