தட்டில் இருநூறு காய்கள்

என் கணவருக்கு நோய் வந்ததை முதலில் சொன்னவை ஏலக்காய்கள்தான். அன்று காலை போடியில் எங்கள் கடைக்குக் குமுளியிலிருந்து ஒரு விவசாயி சரக்கு கொண்டுவந்திருந்தார். இவர் வழக்கம்போல் வலது கையில் கொஞ்சம் அள்ளி விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பொக்கு. ஒண்ணுலயும் அரிசி இல்ல" என்று சத்தம் போட்டிருக்கிறார். விவசாயி கோபித்துக்கொண்டு மூட்டையைத் தூக்கிவிட்டார். இவருடைய தம்பி பால்ராஜ் ஒரு காயை எடுத்து உரித்துப் பார்த்தான். உள்ளே அரிசி, அதாவது விதை, கறுப்பாக நிறைய இருந்தது. மதியத்துக்குள் இவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது.

தேனியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு உடலின் ஒரு பாதி செயலிழப்பது) என்றார் டாக்டர். அடைப்பு தலாமஸில் (தொடு உணர்வுச் செய்திகளை வாங்கி மூளையின் மேல்பகுதிக்கு அனுப்பும் இடம்) வந்திருந்தது. "கை அசைவு வந்துரும்மா. உணர்வு எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். நான் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சர். நேர அட்டவணை இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. மக்குப் பிள்ளை என்று மற்றவர்கள் கைகழுவிய எத்தனையோ பேரை, தினம் பத்துக் கணக்கு என்று போட வைத்தே தேற வைத்திருக்கிறேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது எனக்குப் பழமொழி இல்லை, பிழைப்பு. அடுத்த சீசனுக்குள் இவர் கடை மேசையில் உட்கார்ந்து சரக்கு பார்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தோம். அதைச் சுவரில் எழுதியும் ஒட்டினேன்.

பயிற்சி கொடுக்க பழனிசெட்டிபட்டியிலிருந்து வாரம் ஒரு நாள் ஒரு பெண் வருவாள். கண்ணை மூடிக்கொண்டு பட்டாணியையும் கடலையையும் பிரிக்கச் சொன்னாள். இவர் முகம் சுளித்தார். "பட்டாணியா? நான் என்ன பால்வாடி பிள்ளையா? ஏலக்காயக் குடு. நெறகாயும் பொக்கும் கலந்து குடு." சரி என்றாள். காலை ஆறு மணிக்கு ஒரு தட்டு, மாலை நான்கு மணிக்கு ஒரு தட்டு. தட்டுக்கு இருநூறு காய், பாதிக்குப் பாதி. வலது கை மட்டும். இடது கை மடியில் இருக்க வேண்டும். தப்பை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவள் அடுத்த பயிற்சியைச் சொல்வாள்.

முதல் நாள் ஒரு தட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சட்டையெல்லாம் வேர்வை. நிறைகாய்க் குவியலைப் பார்த்தேன், மூன்றில் ஒன்று பொக்கு. இரண்டு குவியலும் சேர்த்து எழுபது தப்பு இருக்கும்.

"எத்தன தப்பு, டீச்சர்?" என்றார். கேலியாக என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"முப்பது" என்றேன்.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபின் என்னால் நிறுத்த முடியவில்லை. பரீட்சையில் அரை மார்க் சும்மா போடாத கை, புருஷனுக்குத் தினமும் அள்ளிப் போட்டது. அதையும் ஒழுங்காகச் செய்தேன். நேற்று இருபத்தாறு என்றால் இன்று இருபத்து நாலு. நடுவில் ஒரு நாள் இருபத்தெட்டு என்று ஏற்றியும் சொல்வேன், நம்ப வேண்டுமே. அவருடைய விரல்கள் வேகமாகிக்கொண்டே போயின, அது நிஜம். உணர்வு மட்டும் வரவில்லை. அடுத்த வாரம் வரும், வந்தால் பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு நாள்கூட அவர் தட்டைத் தவறவிட்டதில்லை. காய்ச்சலிலும் உட்கார்ந்தார்.

நாலாம் மாதம் தப்பு மூன்றுக்கு வந்துவிட்டது, என் நோட்டில். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அன்றைய சரக்கை அவரே பார்த்து எடுத்தார். நான் வீட்டில் இருந்தபடி ஜெபம் பண்ணினேன். என்னவென்று கேட்டு ஜெபிப்பது என்றே தெரியவில்லை.

மூன்றாம் நாள் பால்ராஜ் வீட்டுக்கு வந்தான். "மதினி, அண்ணன் எடுத்த மூட்டையில பாதி பொக்கு. அவுக கிட்ட எப்படிச் சொல்ல?" என்றான். இவர் உள் அறையிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். தட்டை எடுத்து வைத்து, கண்ணை மூடி, வலது கையால் பிரித்து முடித்தார். பிறகு மடியில் இருந்த இடது கையை எடுத்தார். நிறைகாய்க் குவியலை அந்தக் கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அடுத்து மற்றதை. தப்பானவற்றைத் தனியே வைத்து எண்ணினார். அறுபத்தெட்டு.

"மொத நாளு எத்தன?"

"எழுபது இருக்கும்."

"கை போனதத் தாங்கிக்கிருவேன் டீச்சர். தேறிட்டேன்னு சந்தோசமா இருந்தேனே, அந்த நாலு மாசம் யாரோடது?"

பால்ராஜ் முன்னால் அழக் கூடாது என்று அடுக்களைக்குப் போனேன். போயும் நிறுத்த முடியவில்லை.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "உண்மை எண்ணைச் சொல்லியிருந்தா ரெண்டாம் மாசமே இடது கைக்கும் கண்ணுக்கும் மாத்திப் பழக்கியிருப்பேன்மா" என்றாள். திட்டியிருக்கலாம். வீட்டில் நோயாளியும் சுவரில் அட்டவணையும் வைத்திருக்கும் நீங்கள் யாராக இருந்தாலும், நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பாவம் எனக்கு மட்டும் போதும்.

இப்போது இடது கையால் பழகுகிறார். காலை ஆறு, மாலை நாலு மாறவில்லை. தப்பைப் பார்க்க பால்ராஜ் வருகிறான். அந்த நேரத்தில் எனக்கு வேலை இல்லை. வாழ்நாளெல்லாம் மணி பார்த்தே ஓடியவளுக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும் எப்படிப் போக்குவது என்று தெரியவில்லை.

என்னிடம் கடுமையாகப் பேசுவதில்லை. குழம்பு நன்றாயிருக்கிறது என்கிறார். போன ஞாயிறு ஆராதனை முடிந்து சாலையைக் கடக்கும்போது லாரி ஒன்று வேகமாக வந்தது. சட்டென்று வலது கையால் என் கையைப் பிடித்தார். பலமான பிடி, எனக்கு வலித்தது.

"ஒன் கையப் பிடிச்சிருக்கேனா?" என்றார்.

"பிடிச்சிருக்கீக" என்றேன்.

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார்.