தேசப்பனின் முடியாத கொட்டகை

தடைக்காலம் வந்தால் காசிமேட்டில் எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று கோடையில் இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கரையிலேயே கட்டிப்போட்டுவிடுவார்கள். திருவொற்றியூர் குப்பத்தில் தேசப்பனுக்கு மட்டும் அதுதான் தீபாவளி. அடுத்தவன் பிழைப்பு நின்றுபோனதில் ஒருவர் குளிர்ந்துபோகிறார் என்றால் ஊர் என்ன சொல்லும்? அதனால் அவரும் டீக்கடையில் நாலு பேரோடு நின்று, "பேஜாரா கீதுப்பா" என்று உச்சுக்கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மீசையைத் தடவிக்கொள்வார்.

அவர் பாதி ஆயுளைப் படகு ஓட்டியே கழித்தவர். துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். கடைசிப் படகுக்குப் போக வேண்டுமானால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித்தான் போக வேண்டும். ஒரு நாள் தாவும்போது முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது. இரண்டு படகுக்கு நடுவே தண்ணீரில் விழப்போனவரைக் கூடப் படகில் வேலை பார்த்த துரை சட்டையைப் பிடித்துத் தூக்கினான். அதோடு ஓய்வு. மாலையும் கிடையாது, பாராட்டு விழாவும் கிடையாது. கூட்டாளிகளான துரையும் சுப்புராயனும் மற்ற மாதமெல்லாம் கடலில் கிடப்பார்கள். கோடையில்தான் கைக்கு அகப்படுவார்கள்.

"சும்மா வந்து பேசிட்டுப் போங்கடா" என்று கூப்பிட அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஏதாவது வேலை இருந்தால்தானே கூப்பிட முடியும்? போன தடைக்காலத்தில் கொல்லையில் துணி துவைக்கிற இடத்துக்கு மறைப்பாக ஒரு சுவர் எழுப்பினார்கள். நூல் பிடித்த மாதிரி நேரான சுவர். மீஞ்சூர் மருமகன் ஒருமுறை அதைப் பார்த்து, "லேசா சாஞ்சிருக்கோ மாமா?" என்று கேட்டுவிட்டார். பாவம், அன்றைக்குக் குழம்பு சாப்பிடாமலே ரயில் ஏற வேண்டியதாயிற்று. ஆனால் அந்தச் சுவரில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. அது சீக்கிரமே முடிந்துவிட்டது. முடிந்த மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை.

இந்த வருடம் தேசப்பன் உஷாராகிவிட்டார்.

அவர் மனைவி ஜெயக்கொடிக்குக் கொல்லையில் ஒரு கொட்டகை வேண்டும். அடுப்படிக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே போனால் குழம்போடு சேர்ந்து ஆளும் வெந்துவிடும். நாலு சவுக்குக் கம்பு, மேலே கீற்று, அது பறக்காமல் பழைய வலை ஒன்று. அவ்வளவுதான் வேலை. மூன்று பேர் ஒழுங்காகக் கை வைத்தால் பகல் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

தேசப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படகு ஓட்டுகிற தோரணையில் உத்தரவு போடுவார். துரை கம்பு நடுவான், முடிச்சுப் போடுவான். சுப்புராயன் குறை சொல்லுவார். ஜெயக்கொடி டீ கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோவாள். பேச்சு கம்பிலிருந்து கிளம்பி, என்றைக்கோ வலையில் சிக்கிய திருக்கை மீனில் போய் நிற்கும். பகலில் அவர்கள் கிளம்பிப்போனதும், சாப்பிட்டுவிட்டு ஜெயக்கொடி கண்ணயருகிற நேரம் பார்த்து, தேசப்பன் பூனைநடை போட்டுக் கொல்லைக்கு வருவார். ஒரு மூலையில் முடிச்சைத் தளர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் போய்ப் படுத்துக்கொள்வார்.

மறுநாள் காலையில் கூரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

"அடப்பாவமே, மறுபடியும் பூட்ச்சா!" என்று முதலில் கூவுகிறவரும் அவர்தான்.

"மணல்ப்பா. மணல்ல கம்பு நிக்காது" என்பார் சுப்புராயன்.

"மணலும் இல்ல, மண்ணும் இல்ல. எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரி போவுதுல்ல, அந்த அதிர்வு" என்பார் தேசப்பன். துரை யோசிக்கிற மாதிரி தாடையைச் சொறிவான். மறுபடியும் முதலிலிருந்து கட்டுவார்கள்.

மே மாத விடுமுறைக்கு மகள் மலர் பிள்ளைகளோடு வந்தாள். வந்தவள் கொல்லையைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "இன்னா நைனா இது? தடைக்காலம் ஆரம்பிச்சப்ப புட்ச்ச வேலை, இன்னும் முட்யலியா? அவராண்ட சொல்றேன். வெல்டிங் ஆளு வந்து பைப்பு நட்டு ஒரே காலைல முட்ச்சிட்டு பூடுவாரு."

தேசப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இரும்பா? உப்புக் காத்துல துரு புட்ச்சிடும்" என்றார். குரல் அவருக்கே எடுபடவில்லை.

"வாணாம் மலரு" என்றாள் ஜெயக்கொடி. "உங்க நைனா கையாலயே கட்டட்டும். தோஸ்துங்க கீறாங்க இல்ல."

தன் கைத்திறமைமேல் மனைவிக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று தேசப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அன்று இரண்டு முடிச்சை அவிழ்த்தார்.

பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கப்போகிறது என்று மலர் ஊருக்குத் திரும்பிய மறுநாள் அது நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. துரையும் சுப்புராயனும் அப்போதுதான் கிளம்பிப்போயிருந்தார்கள். அடுப்படியிலிருந்து வெளியே வந்த ஜெயக்கொடி கொல்லைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கியது. பக்கத்து வாளியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப் புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு, "குழம்பு அடி புட்ச்சிடும்" என்று மறுபடியும் உள்ளே போனாள்.

தேசப்பனுக்குச் சுருக்கென்றது. தான் நாலு பேரோடு சிரித்துப் பேச, இவள் வெந்துகொண்டிருக்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. அன்று சோறு இறங்கவில்லை. அவள் கண்ணயர்ந்த நேரத்தில் கொல்லைக்கு வந்தார். எந்த முடிச்சையும் அவிழ்க்கவில்லை. ஒவ்வொரு மூலையிலும் துரை போட்ட முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சு போட்டு, பல்லைக் கடித்து இறுக்கினார். நாளைக்கு அவர்கள் வந்து பார்ப்பார்கள், வேலை முடிந்தது என்று தெரியும், போய்விடுவார்கள். போகட்டும் என்று சொல்லிக்கொண்டார்.

காலையில் கூரையின் தெற்கு மூலை தரையில் கிடந்தது.

"யார்ரா இது?" என்று தேசப்பன் நிஜமாகவே கூவினார். "யாரோ வேணும்னே பண்ணிகீறான்!"

துரை கொல்லைக்கதவைச் சாத்திக்கொண்டே வந்தான். "இன்னா மாமு, இன்னிக்கு ரொம்ப ஓவரா நடிக்கிற?"

"மெய்யாலுமே நான் இத்த தொடலடா!"

"அப்ப இத்தினி நாளா தொட்டது?" என்று கேட்டார் சுப்புராயன்.

தேசப்பன் எண்ணூர் ரோடு பக்கம் பார்த்தார்.

"நான் போட்ட முட்ச்சு லாரி அதிர்வுல அவுரும்னா, நான் கட்டிப்போட்ட நம்ம படகு எப்பவோ பர்மாவுக்கு பூட்டுருக்கும் மாமு" என்றான் துரை. "மொத நாளே தெரியும். எனுக்கு மட்டும் வூட்ல இன்னா கீது? குந்தினா அந்த வேலைய செய்யி, இந்த வேலைய செய்யின்னு தொரத்துறா."

சுப்புராயன் குனிந்து கயிற்றை எடுத்தார். அது அவிழ்க்கப்பட்டதல்ல, அறுக்கப்பட்டது. அறுபட்ட முனையில் பளபளவென்று ஒரு கிழங்கா மீன் செதில் ஒட்டியிருந்தது.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கொல்லைப்படியில் அரிவாள்மனையை முன்னால் போட்டுக்கொண்டு ஜெயக்கொடி கிழங்கா ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இன்னா மொறைக்கிறீங்க? நான்தான் அறுத்தேன்" என்றாள். "நேத்து இந்தாளு ரெட்டை முட்ச்சு போட்டத ஜன்னலாண்ட நின்னு பாத்தேன். முட்ஞ்சிச்சின்னா நீங்க வரமாட்டீங்க. இவுரு டிவிக்கு எதுர்ல குந்திகினு வாசக்கதவையே பாத்துகினு இருப்பாரு. போன வருசம் பாத்தேனே. அந்த மூஞ்சிய பாக்கறதுக்கு அடுப்படி வேக்காடே தேவலாம்."

தேசப்பன் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவளை இன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "துர, கயித்த எட்றா" என்றார். அன்று அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

உச்சி வெயிலுக்குள் கொட்டகை நின்றது. தடைக்காலம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஜெயக்கொடி அடுப்பைக் கொண்டுவந்து நிழலில் வைத்து டீ போட்டாள். கடல்காற்று கீற்றுக்கு அடியில் புகுந்து போனது. டீ தீர்ந்துபோனால் எழுந்திருக்க வேண்டும் என்பதால் மூன்று பேரும் மெதுவாகக் குடித்தார்கள்.

ஜெயக்கொடி துவைக்கிற இடத்துப் பக்கம் முகவாயைக் காட்டினாள். "அந்தச் செவரு கோணலா கீதே?"

துரை தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான். "ஆமாக்கா. நல்லாவே கோணலு."

சுப்புராயன், "கலீஜா கீது" என்றார்.

தேசப்பன் தன் சுவரைப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நின்றது.

"நாளிக்கு காலைல கடப்பாரை எட்த்துகினு வாங்கடா" என்றார். "இட்ச்சிட்டுத்தான் கட்டணும்."