குருவம்மாளின் தனி அடுப்பு

எனக்குக் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிதில் ஒரு சங்கடம் இருந்தது. வீட்டில் கக்கூஸ் கிடையாது. பின்னால் வாய்க்கால் ஓரத்து மறைவுக்குத்தான் பெண்கள் போக வேண்டும். புதுப்பெண், யாரிடம் கேட்பது? மாமியார் முகத்தைப் பார்த்துப் பேசவே பயம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரரின் தங்கை குருவம்மாள் அடுக்களையில் இருந்தபடி, "மதினி, என்னைய வாய்க்கா வரைக்கும் கூட்டிட்டுப் போங்களேன்" என்று அத்தைக்குக் கேட்கும்படி கேட்டாள். அத்தையும் பார்த்துக் கூட்டிப் போ என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை கூப்பிட்டாள். நான்தான் அவளுக்குத் துணை போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சின்ன வயதிலிருந்தே தனியாகப் போய் வருகிறவள், யாராவது கூட வந்தால் கோபப்படுகிறவள் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப்பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு இரண்டு காலும் சூம்பிவிட்டன. முழங்காலில் டயர்த் துண்டைக் கட்டிக்கொண்டு, கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நகருவாள். தரையில் உட்கார்ந்து அவள் வைக்கிற குழம்புக்கு வீட்டில் எல்லாரும் காத்திருப்பார்கள். மடியில் தட்டை வைத்துப் பீடியும் சுற்றுவாள்.

எழுபத்தேழில் அத்தை காலமானார்கள். அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் வீட்டை எடுத்துக் கட்டினார்கள். பாவூர்சத்திரம் காய்கறிக் கமிஷன் மண்டியில் அவர்கள் கணக்கப்பிள்ளை. அண்ணாச்சி என்று நாலு பேர் மதிக்கிற மனுஷர். புது மோஸ்தரில் அடுக்களையில் மேடை போட்டு அடுப்பை மேலே ஏற்றினார்கள். குருவம்மாளுக்கு அது எட்டவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அதன் பிறகு அவள் இருக்கிற இடத்துக்குச் சோறு போயிற்று. இரண்டு மாதம் சாப்பிட்டாள். பிறகு ஒருநாள் மேலகரத்தில் ஒரு ஒற்றை அறையைத் தானே பேசி முடித்துக்கொண்டு வந்து, தை பிறந்ததும் போகிறேன் என்றாள். குற்றாலம் போகிற வழியில், வாசற்படி இல்லாத தரைமட்டத்து அறை. அதற்காகவே அதைப் பிடித்திருந்தாள். அவளுடைய அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார்கள். அவள் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் அரிசி மூட்டை அனுப்பினால் மூட்டை அப்படியே திரும்பி வரும். அந்த அவமானத்தை மறைக்க, "மேலகரத்துக் காத்து அவளுக்கு ஒத்துக்கிடுது, சாப்பாடெல்லாம் நம்ம வீட்டுலதான்" என்று ஊரில் சொல்லி வைத்தார்கள். கேட்டவர்களும் நம்பினார்கள்.

பீடிக் கூலி மட்டும் அவளுக்குக் காணாது. ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது என்று தபால்காரர் சேக் தாவூதுதான் அவளிடம் சொன்னார். எழுபத்தொன்பதில் நான் அவளைப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கினேன். கூட்டிப் போனேன் என்பது பேச்சுக்குத்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து அவளே ஏறினாள். ஏழாம் மாதம் முதல் மணியார்டர் வந்தது. வாடகைக்கும் அரிசிக்கும் ஆயிற்று. என் வீட்டுக்காரரிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. ஆதரவில்லாதவர்களுக்கு என்று அந்தப் படிவத்தில் போட்டிருக்கிறது. அது தெரிந்தால் இவர்கள் தாங்க மாட்டார்கள்.

அப்படி நாலு வருஷம் ஓடிற்று. எண்பத்துமூன்று மாசியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். உதவித்தொகை வாங்குகிறவர் இருக்கிறாரா, இன்னும் தகுதி உண்டா என்று பார்க்கிற விசாரணை. குருவம்மாள் பீடிக்கடைக்குக் கட்டுக் கொடுக்கப் போயிருந்ததால் அறை பூட்டிக் கிடந்தது. டீக்கடையில் விசாரித்திருக்கிறார். கடையில் இருந்தவர்கள் நல்ல மனசோடு, அண்ணாச்சி தங்கச்சிதானே, அண்ணாச்சியையே பாருங்கள் என்று தென்காசிக்கு வழி சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு மண்டிக்கு விடுமுறை. இவர்கள் வீட்டில் இருந்தார்கள். வந்தவர் உட்கார்ந்து காகிதக் கட்டைப் பிரித்து, குருவம்மாள் என்கிற பெண்ணைப் பராமரிக்க யாரும் இல்லை என்று இருக்கிறதே, சரிதானா என்றார். இவர்கள் முகம் கறுத்துப் போயிற்று.

"யாரு சார் அப்படி எழுதினது? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவ மூணு வேளையும் என் வீட்டுலதான் சாப்பிடுதா."

அவர் எழுதிக்கொண்டே, கையெழுத்துப் போடுவீர்களா என்றார். போட்டார்கள். நான் காப்பித் தம்ளரோடு அடுக்களை வாசலில் நின்றேன். சொல்ல வேண்டியது முழுவதும் என் நாக்கில் இருந்தது. புருஷனை அந்நியர் முன்னால் பொய்யராக்குவதா என்று நின்றேன். தம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அந்த நிமிஷத்துக்காக உலகம்மன் சன்னதியில் நான் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன்.

பங்குனியில் மணியார்டர் வரவில்லை. சித்திரையிலும் இல்லை. சேக் தாவூது அவள் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை மிதிக்காமல் குனிந்துகொண்டே போவாராம். குருவம்மாள் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வாரத்துக்கு இன்னும் ஆயிரம் பீடி கூடச் சுற்றினாள். விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது.

அறைக்குச் சொந்தக்காரி மங்களேஸ்வரி கெட்டவள் இல்லை. ஆனால் சாரல் விழுந்தால் மேலகரத்தில் எலி வளைக்கும் வாடகை உண்டு. மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் சீசனுக்கு வருகிறவர்கள் குற்றாலத்தில் இடம் கிடைக்காமல் இங்கே வந்து கேட்பார்கள். வைகாசி முடியட்டும், அதற்குள் உனக்கு ஏதாவது வந்தால் இரு, இல்லையென்றால் நான் சீசன்காரர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அறை போனால் அண்ணன் வீடுதான். எட்டாத அடுப்புள்ள வீடு. நான் அவளிடம் உள்ளதைச் சொன்னேன், இவர்கள் கையெழுத்துப் போட்டதையும், நான் சும்மா நின்றதையும். அவள் பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை. கையிலிருந்த கட்டை முடித்துவிட்டு, தாலுகா ஆபீசுக்கு எந்தக் கிழமை மனு கொடுக்கலாம் என்று மட்டும் கேட்டாள்.

வைகாசி கடைசி வாரத் திங்கட்கிழமை இருவரும் போனோம். ஆபீஸ் வெளியே வேப்பமரத்தடியில் பஞ்சாபகேசன் என்கிற பெரியவர் மனு எழுதுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு விறுவிறுவென்று எழுதி வாசித்தார். என் உடன்பிறந்த தமையனார் என்னை அடித்து விரட்டிக் கைவிட்டுவிட்டபடியால், என்று வந்ததும் குருவம்மாள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இது இல்லையே சாமி. எங்க அண்ணன் விரட்டலை. நான்லா விட்டுட்டு வந்தேன்."

"அம்மா, அண்ணா நல்லவர்னு எழுதினா ஆத்துக்குப் போய்ச் சாப்பிடுன்னு சொல்லிடுவா. உனக்குப் பணம் வேணுமா, அண்ணா பேர் வேணுமா?"

"ரெண்டும் வேணும்" என்றாள். அவர் சிரித்தேவிட்டார். நான் அவள் காதில், இந்த ஒரு தடவை கைநாட்டு வைத்துவிடு, சாமி மன்னிக்கும் என்றேன். அவள் கட்டைவிரலைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டாள். கடைசியில், தனியாக வசிக்கிறேன், நானே பொங்கிச் சாப்பிடுகிறேன், யாரிடமும் உதவி பெறவில்லை என்று எழுத வைத்தாள். இதில் ஒன்றும் நிற்காது, தாசில்தார் கேட்பார் பார் என்று சொல்லித்தான் பஞ்சாபகேசன் கொடுத்தார்.

தாசில்தார் கேட்கத்தான் செய்தார். எங்கள் முறை வரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. பைலைப் புரட்டி, அண்ணனே எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அவர் வீட்டில் சாப்பிடுவதாக, என்றார். அவள் இல்லை என்றாள். அது கையெழுத்து, நீங்கள் சொல்வது வாய்ப்பேச்சு என்றார். வேண்டுமானால் மறுபடியும் விசாரணைக்குப் போடலாம், ஆள் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை. ஆனால் வைகாசி முடிய நாலு நாள்தான் இருந்தது. உலகம்மன் கோயில் மொட்டைக் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

அந்த நேரத்தில் வெளியே ஒரு டெம்போ வந்து நின்றது. இறங்கினது என் வீட்டுக்காரர். தங்கை தாலுகா ஆபீசில் மனுவோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று மண்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரே மேலகரம் போய், இனிமேல் அவள் இங்கே வரமாட்டாள் என்று மங்களேஸ்வரியிடம் சாவியை வாங்கி, குருவம்மாளின் சாமான் முழுவதையும் காய்கறி ஏற்றுகிற டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். சட்டையெல்லாம் வெங்காயச் சருகு.

வராண்டாவில் நின்றுகொண்டு தாசில்தாரைக்கூடப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "ஏட்டி, ஊரு சிரிக்கணும்னு வந்து இருக்கியா? வண்டி நிக்கி. வா வீட்டுக்கு" என்றார்கள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வரிசையில் நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. இவர்கள் என்னைப் பார்த்தார்கள், நீயுமா என்கிற மாதிரி. அவ்வளவுதான்.

குருவம்மாள் டெம்போவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாய், டிரங்குப் பெட்டி, பீடித்தட்டு, சட்டி பானை, எல்லாம் வெயிலில் தெரிந்தன. அவளுடைய கண் கலங்கிற்று என்றுதான் நினைத்தேன். அவள் தாசில்தார் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நான் பொங்குததைப் பாக்கணும்னா மேலகரத்துக்கு ஆள் விட வேண்டாம். என் அடுப்பு அந்தா வண்டியில இருக்கு."

தாசில்தார் எழுந்து வந்தார். டெம்போ பக்கத்தில் போய்ப் பார்த்தார். கும்மட்டி அடுப்பில் காலையில் எரித்த கரி இன்னும் சாம்பலுக்குள் கனிந்துகொண்டிருந்தது. கரிபிடித்த பானையில் ராத்திரிக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த பாதிச் சோறு. சின்னச் சட்டியில் கொஞ்சம் புளிக்குழம்பு. ஒருத்திக்குத்தான் காணும்.

"இது யார் வீட்டுச் சோறு, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சட்டையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டினார்கள். தாசில்தார் என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்றார். சொன்னேன். இந்த அம்மா கடைசியாக உங்கள் வீட்டில் என்றைக்குச் சாப்பிட்டார்கள் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அத்தை திவசத்துக்கு, சார். போன புரட்டாசியில" என்றேன். சொல்லி முடித்ததும், என் மேல் வைத்த பாரத்தை யாரோ எடுத்துக்கொண்டது போல் இருந்தது. பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

அதற்குள் குருவம்மாள், "ஐயா, எங்க அண்ணன் பொய் சொல்லுத ஆளு இல்லை. நான் வீட்டுக்கு வந்திருவேன், வந்திருவேன்னு நினைச்சே நாலு வருசமா எனக்கும் சேத்துப் பொங்கச் சொல்லுதாரு. நான்தான் போகலை" என்றாள்.

அது உண்மை. தினமும் இவர்கள் ஒரு பிடி கூடப் போடச் சொல்வார்கள். அது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். குமாஸ்தா இன்னொரு தாளை நீட்டினார். என் தங்கை தனியே சமைத்து வாழ்கிறாள், நான் பராமரிக்கவில்லை, என்று அதில் இருந்தது. பராமரிக்கவில்லை என்கிற இடத்தில் இவர்கள் பேனா நின்றுவிட்டது. வெகுநேரம் நின்றது. அவள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டார்கள். டெம்போக்காரனிடம், "எங்கன ஏத்தினியோ அங்கனயே இறக்கிரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமானை இறக்கும்போது மங்களேஸ்வரியே ஓடிவந்து பானையை வாங்கினாள். சாவியைக் கொடுத்தது என் தப்பு, ஆடி வரைக்கும் பொறுக்கிறேன் என்றாள். சாரல் விழுந்தது, சீசன்காரர்கள் வந்து கேட்டார்கள், அவள் கொடுக்கவில்லை. ஆடி எட்டாம் தேதி சேக் தாவூது தெருமுனையிலிருந்தே மணியடித்துக்கொண்டு வந்தாராம்.

ஆனால் என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு தங்கை பெயரை எடுக்கவில்லை. என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினார்கள். என்னை மேலகரம் போகக் கூடாது என்று சொல்லவும் இல்லை, போய் வந்தால் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவும் இல்லை. அடுக்களையில் அந்த ஒரு பிடி அரிசியை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை.

எண்பத்தேழில் மண்டி வேலையை விட்டுவிட்டுச் சிவகிரியில் சொந்தமாக மளிகைக்கடை போட்டார்கள். நாங்கள் தென்காசியைக் காலி செய்தோம். அதற்கு முந்தின நாள் நான் மேலகரம் போனேன். அவள் என்னை உட்கார வைத்து சோறும் சுண்டைவற்றல் குழம்பும் பரிமாறினாள். தட்டைக் கழுவ விடவில்லை. கோயில் திருநீறு கொடுத்தேன், பூசிக்கொண்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், இருமினாள். அடுத்த மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். சாமானை ஏற்றின அந்த ஒரு நாளுக்கு அப்புறம் இவர்கள் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான்.

கடைசியாக அவள் என்னிடம் சொன்னதை, விடைபெற்று வந்த அன்று சாயங்காலமே இவர்களிடம் சொல்லியிருந்தேன். கால் கழுவிக்கொண்டிருந்தார்கள், செம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் குனிந்தபடியே நின்றார்கள். நான் பஸ்ஸுக்கு எழுந்தபோது அவள் சொன்னது இதுதான்:

"அண்ணனை ஒருநாள் இங்கன சாப்பிட வரச் சொல்லுங்க மதினி. ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க."