பக்கத்து வாசலைப் பார்ப்பவர்கள்

ஹட்டன் பஸ் நிலையத்தில் டெல்சி டீச்சர் முதல் பஸ்ஸில் ஏறுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்று கூட்டத்தைப் பார்க்கிறார். பஸ்ஸுக்குக் கதவு ஒன்று. நுழைய நினைப்பதோ ஊர் மொத்தமும். தோளோடு தோள் இறுகி, வாசலில் ஒருவரும் உள்ளே போக முடியாமல் திணறும் நொடி வந்ததும் டீச்சர் முகம் மலர்ந்துவிடும். "பாத்தீங்களா, போத்தல்ல இருக்கிற அரிசிய ஒரேயடியா கவுத்தா வாயில அடைச்சுக்குமே, அதேதான்" என்பார் கடலைக்காரரிடம். அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு சுருள் கடலையை நீட்டுவார். விஞ்ஞானம் வளரும். பஸ் போய்விடும்.

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறார். பாடத்தை வகுப்பறையில் விட்டுவிட்டு வரும் பழக்கம் மட்டும் கிடையாது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், சாவு வீட்டில், பூசை முடிந்த கோயில் வாசலில், எங்கே நாலு பேர் கூடினாலும் அவருக்குக் காந்தப் பாடம்தான் நினைவுக்கு வரும். "இரும்புக்குள்ள குட்டிக் குட்டிக் காந்தம் எக்கச்சக்கமா இருக்குங்க. எந்தப் பக்கம் திரும்புறதுன்னு தனியா ஒண்ணும் முடிவெடுக்காது. பக்கத்துல இருக்கிறது எங்க பாக்குதோ அங்கதான் இதுவும் பாக்கும். நாமளும் அப்படித்தான்."

சும்மா சொல்லித் திரிந்திருந்தால் தொல்லையில்லை. போன தையில் தலவாக்கலையில் ஒரு கல்யாணம். பந்தியில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தாலும் ஒருவர் எழும்பும்வரை மற்றவர் எழும்புவதில்லை என்பதை டீச்சர் வெகுநாளாகக் கவனித்து வைத்திருந்தார். ஆசை யாரை விட்டது? சோறு முடிந்த கையோடு இலையை மடித்து எழுந்தார். அவ்வளவுதான், வரிசை முழுக்க இலையை மடித்தது. பாயாச வாளியோடு வந்த மாப்பிள்ளையின் மாமா விக்கித்து நின்றார். "என்னா கொற வச்சோம்? சொல்லிட்டுப் போங்க" என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் கேட்டார். கை கழுவும் இடத்தில் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாலும் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். பாயாசம் போனதில் அவருக்கும் வருத்தம்தான்.

பிறந்த லயத்திலேயே, தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்றில், இன்னும் இருக்கிறார். பக்கத்துக் காம்பரா பூரணியுடையது; கொழுந்து பறிப்பவர், கோழிகள் மேல் உயிரை வைத்திருப்பவர். அதற்கு அடுத்தது செல்லசாமி. அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"நாங்க என்னா இரும்புத் துண்டா டீச்சர்? எங்களுக்கு வயிறு இருக்கு. பட்டதெல்லாம் நெனவு இருக்கு."

டீச்சருக்கு அது உறைத்தது. இரவெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது பதில் சொன்னார். "இரும்புக்கும் நெனவு இருக்குங்கண்ணே. ஒருதரம் ஒரு பக்கம் திரும்பிருச்சுன்னா லேசுல மாறாது."

செல்லசாமி சொன்ன பாடு எதுவென்று லயத்துக்கே தெரியும். போன வருட மழையில் மண் சரியும் என்று எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். போனார்கள். மண் சரியவில்லை. திரும்பி வந்தால் பூரணியின் கோழிகளில் பாதி இல்லை, செல்லசாமியின் போஞ்சிப் பந்தல் தரையோடு தரை.

இந்த வருடமும் மழை விடாமல் பிடித்தது. லயத்துக்கு மேலே தேயிலைச் சரிவில் வெடிப்பு கண்டது. பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்து, உடனே வெளியேறுங்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் வெடிப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசல் வாசலாகக் கெஞ்சினார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பிறகு வீட்டு முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் வந்து நின்று, ஒவ்வொருவரும் பக்கத்து வாசலையே பார்த்தார்கள். டீச்சரும் தன் இஸ்தோப்பில் நின்று, யார் முதலில் அசைவார் என்று பார்த்தார். பயமாகத்தான் இருந்தது. கண் மட்டும் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பூரணி, கெளம்புங்க. புள்ளைங்கள வச்சுக்கிட்டு என்ன யோசனை?"

"போவோம் டீச்சர். இப்ப என்ன அவசரம்? நீங்களே சோறாக்குறீங்க."

டீச்சருக்குப் புரியவில்லை. பூரணி கையை நீட்டிக் காட்டினார். டீச்சர் வீட்டுக் கூரையிலிருந்து மழைக்குள் புகை சாவகாசமாக எழும்பிக்கொண்டிருந்தது.

"டீச்சர் வீட்டு அடுப்பு எரியுது, அப்ப ஒண்ணும் ஆகாதுன்னுதான் எல்லாரும் நிக்கிறோம்" என்றார் செல்லசாமி.

ஊரில் உள்ளவரையெல்லாம் பார்த்தவர், தன் வாசலையும் பத்துக் கண் பார்க்கும் என்று நினைக்கவே இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

உள்ளே போனார். பாதி வெந்த சோற்றை இறக்கி வைத்து, எரிகிற அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். மாதா படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கும்படி கதவைப் பூட்டினார். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தார்.

திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கழுத்து கெஞ்சியது. பார்த்தால் தயங்குகிறார் என்று நினைத்துவிடுவார்கள், பார்க்கவில்லை. முதல் வளைவு வரை மழைச் சத்தம் மட்டும்தான் கூட வந்தது.

வளைவு தாண்டியதும் பின்னால் ஒரு கோழி கத்தியது. அப்புறம் இன்னொன்று. செல்லசாமி யாரையோ "பாத்து எறங்கு, வழுக்குது" என்று அதட்டுவது கேட்டது.

ஒற்றையடிப் பாதை, போத்தல் வாய் மாதிரி. டெல்சி டீச்சர் அதை விட்டு இறங்கினார். முழங்கால்வரை சேலை நனைய, தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கி நடந்தார். பாதை பின்னால் வருகிறவர்களுக்குக் காலியாகக் கிடந்தது.