மாட்டுக்கு வைத்த கூழ்

என் கையெழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்னும் தடுமாற்றம்தான். அச்சுக்குக் கொடுப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் போடவும். அந்தக் காலத்தில் நம் சபைக்கு வந்த ஊழியக்காரர்களைப் பற்றி யாராவது ஆண்டு மலருக்கு எழுதுங்கள் என்று பாஸ்டர் கேட்டார். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் காலனி. நான் நாலாவது படித்த வருஷம், மே மாத லீவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஊழியக்காரர்கள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். பகலில், ஒழுகிக்கொண்டிருந்த ஜெபக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள். சாயங்காலம் மைக் செட் வைத்துக் கூட்டம். அவர்களில் ஒரு நர்ஸ் அக்காவும் இருந்தார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பாய் விரித்து, வருகிறவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்.

அம்மாவுக்கு அப்போது காலில் புண். கருவேல முள் குத்திச் சீழ் வைத்து, களையெடுக்கப் போக முடியாமல் வீட்டிலேயே கிடந்தாள். நொண்டி நொண்டி வேப்பமரத்தடிக்குப் போனாள். அக்கா தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சேறாக இருக்கிறது, புடவையில் ஒட்டிக்கொள்ளும் என்றாள். சேறு ஒன்றும் இல்லை. குளித்துவிட்டுத்தான் போயிருந்தாள். அக்கா மறுபடியும் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் கழுவிக் கட்டினார். புண் ஆறிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கு அதற்குப் பிறகு ஒரே நினைப்புதான். இவ்வளவு செய்தவர் நம் வீட்டில் கை நனைக்காமல் போகக் கூடாது. ஆனால் அப்போதிருந்த பாஸ்டர் முதல் நாளே எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அவர்களுக்கு நம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, சமையலுக்கு ஆள் கூட்டி வந்திருக்கிறார்கள், யாரும் எதையும் கொடுத்து வற்புறுத்த வேண்டாம் என்று. அதையும் மீறி அம்மா ஒரு நாள் கட்டுப் போடும்போது கேட்டுவிட்டாள். அக்கா சிரித்தார்.

"நீங்க என்ன குடிக்கீங்களோ அதையே எனக்கும் குடுங்க. கடைசி நாள் வீட்டுக்கு வாரேன்."

அம்மா கேப்பை மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாள். மரக்காணத்திலிருந்து கூடை சுமந்து வருகிற மீன்காரியிடம் நல்ல நெத்திலிக் கருவாடாகப் பொறுக்கி வாங்கினாள். கூழுக்குப் புதுப் பானை, குடிக்க எவர்சில்வர் சொம்பு, சாம்பல் போட்டுத் துலக்கித் துலக்கி முகம் தெரிகிற மாதிரி. அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு பேச்சுக்கு சொல்லியிருப்பாங்க. அதுக்குப் போயி இவ்ளோ பேஜாரு பண்ணிக்கினு கீற" என்றார்.

"வர்றேன்னு அவங்க வாயாலதான சொன்னாங்க. நீ கம்முனு இரு" என்றாள் அம்மா.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. புதுக் கூரைக்குக் கீழே ஸ்தோத்திர ஆராதனை. அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை எங்கள் காலனி அதற்கு முன் பார்த்ததில்லை. ஊழியக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு போர்த்தினோம். அவர்களும் பதிலுக்கு எங்களில் மூத்தவர்களுக்குப் போர்த்தினார்கள். சாட்சி சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுத்தபோது ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொன்னார்கள். அம்மாவும் எழுந்தாள். "என் காலை மடியில வெச்சிக்கினாங்க" என்றாள். உடனே உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்துக்குத் தலைவராக வந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் பெண்கள் கும்மியடித்தார்கள். தெற்கத்தி அக்காமார்கள் அடி தெரியாமல் நடுவில் புகுந்து இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மத்தியானம் திண்டிவனத்திலிருந்து அண்டா அண்டாவாகப் பிரியாணி வந்து இறங்கியது. அது அவர்கள் எங்களுக்குக் கொடுத்த விருந்து. நான் வயிறு வலிக்கிற வரைக்கும் தின்றேன். அம்மா தின்னவில்லை. அக்காவோடு சேர்ந்து குடிக்கலாம் என்று வந்துவிட்டாள்.

வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னபடியே எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே அவர்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேரும் வந்தார்கள். வாசலில் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் அக்கா உட்கார்ந்தார். அம்மா சொம்பை எடுக்க உள்ளே ஓடினாள். கூழ்ப் பானை வாசல்படி ஓரத்தில் தட்டு போட்டு மூடியிருந்தது. அக்கா அதைப் பார்த்து, பானையில் என்ன என்று கேட்டார்.

"அது மாட்டுக்கு வெச்சதுங்க" என்றார் அப்பா.

எங்களிடம் மாடே கிடையாது. அப்பா ஏதோ வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார்.

"வாசம் நல்லா இருக்கே. குடுத்து வச்ச மாடுதான்."

வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சொம்போடு கதவண்டை நின்றுவிட்டாள். அக்கா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார், தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். வேன்காரர் ஹார்ன் அடித்தார். தெருவே ஓடிப்போய் ரோட்டு முனைவரைக்கும் கையாட்டியது. நானும் ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"எங்க மாடு? இட்டாந்து கட்டு, பாக்கலாம்" என்றாள் அப்பாவிடம்.

அப்பா பானையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, கருவாட்டைக் கடித்துக்கொண்டு, சொம்பு சொம்பாக அவ்வளவு கூழையும் அவரே குடித்தார். இவ்வளவு நல்ல கூழை யாருக்கும் கொடுக்க மனசு வராமல்தான் அப்படிச் சொல்லிவிட்டார் என்று நான் நினைத்தேன். எங்கப்பா கூழுக்காகப் பொய் சொன்னவர் என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். அம்மா வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறு வருஷம் வேறு ஊர்க்காரர்கள் ஊழியத்துக்கு வந்தார்கள். அந்த அக்கா பிறகு வரவே இல்லை.

அப்பாவை அடக்கம் பண்ணி வந்த வாரத்தில்தான் அம்மா எனக்கு ஒன்றைச் சொன்னாள். அவளுக்கே அப்பா கடைசிக் காலத்தில்தான் சொன்னாராம். நாங்கள் சபைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, அப்பா தான் வேலை செய்த பண்ணை வீட்டுக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த வீட்டம்மா முகம் நிறையச் சிரித்து, எதற்கப்பா இதெல்லாம் என்று கேட்டு, வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். மறுநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொல்லைப் பக்கம் போனபோது, கழுநீர்த் தொட்டியில் அதிரசம் ஊறிக் கிடந்ததாம். அப்பாவே மாட்டைப் பிடித்து அதைக் குடிக்க வைத்திருக்கிறார்.

அந்த அக்கா குடித்திருப்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன், அம்மாவும் சாகிற வரைக்கும் அப்படித்தான் சொன்னாள். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாரே, அதைத்தான் அப்பாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாசலில் நின்று சிரித்த எனக்கு அது தெரியவில்லை.

எழுதி முடித்தது, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை.