பலகை முகத்துக்கு நான்கு வினாடி

கல்யாண வீடியோவில் பெண்ணைப் பெற்றவர் இரண்டு வினாடிக்கு மேல் அழக்கூடாது. இது கத்திரி போட்ட சட்டம். மூன்றாவது வினாடியில் மூக்கு ஒழுகும், நான்காவது வினாடியில் பார்க்கிறவன் ரிமோட்டைத் தேடுவான் என்பார்.

செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் ஒரு சோபா. உட்கார்ந்தவரை எழுப்ப இன்னொரு ஆள் வேண்டும். பின்னறையில் இரண்டு திரை, ஒரே ஒரு நாற்காலி, வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலில் ஒட்டிய பழைய குடைத்துணி. அங்கே இருபத்தாறு வருஷமாக ஊரார் கல்யாணங்களை வெட்டி ஒட்டியதால் அவருக்குக் கத்திரி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் மின்சார ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது.

அவருக்குத் தெரிந்த சினிமா ஒன்றே ஒன்று. முகத்துக்கென்று தனி அர்த்தம் கிடையாது; பக்கத்தில் எதை வைக்கிறோமோ அதுதான் அர்த்தம். சும்மா முழிக்கிற மாமனார் ஒருவர் இருக்கிறார். அந்த முழிக்கு அடுத்து மருமகள் சிரிப்பதை வைத்தால், அடடா, என்ன பாசம். கேக்கை வைத்தால், பாவம், எத்தனை நாள் பட்டினியோ. கடிகாரத்தை வைத்தால், மனுஷனுக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை. முழி ஒன்று, ஆள் மூன்று. கொஞ்சம் மஞ்சள் நிறத்தை ஏற்றினால் முந்தாநாள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்ட குடும்பம்கூட ஒற்றுமையாகத் தெரியும். மெதுவாக ஓடவிட்டால் தும்மலும் காவியம். இதையே பெரிய திரையில் செய்தால் மேதை என்பார்கள். செருப்புக் கடை மாடியில் செய்தால் பித்தலாட்டம்.

இந்த மேதைமையால் கத்திரிக்குக் கிடைத்த பெரிய பரிசு, சொந்த அண்ணனின் பதினோரு வருஷ மௌனம்.

அண்ணன் டிரைவிங் லைசென்ஸ் தேர்வு அதிகாரியாக இருந்தவர். வெலவெலத்து வண்டி ஓட்டுகிறவர்களின் பக்கத்து இருக்கையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர். பாஸா ஃபெயிலா என்பது கையெழுத்துப் போடும்வரை முகத்தில் தெரியக்கூடாது என்று பழக்கிப் பழக்கி, கடைசியில் முகம் அப்படியே இறுகிவிட்டது. குடும்பத்தில் அவருக்குப் பேர் பலகை. முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு முன்னால் சொல்லியிருந்தாலும் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று தெரிந்திருக்காது.

அவர் ஓய்வு பெற்ற விழாவில் சாலை ஒழுக்கம் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். வீடியோவை வெட்டியது தம்பி. தம்பிக்குக் கை சும்மா இருக்குமா? அண்ணன் வாய் திறக்கிற ஒவ்வோர் இடத்திலும், சொட்டுச் சொட்டாக ஒழுகுகிற குழாய் ஒன்றைச் சொருகினார். பேச்சு, குழாய். பேச்சு, குழாய். கடைசியில் யாரோ ஒருவர் கை வந்து குழாயை மூடுகிறது. உடனே சபையில் கைதட்டல். குடும்பமே கூடி உட்கார்ந்து பார்த்தது, விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணிக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. பலகை எழுந்தார், கதவைச் சாத்தினார், போனார். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போன தம்பிக்கு, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"குழாய் பேசாது. போ."

அதன்பிறகு குழாய் நிஜமாகவே பேசவில்லை.

போன மாதம் கத்திரியின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன் வந்தார். வந்தார் என்றால், உடம்பு வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, தம்பியை வெள்ளையடித்த சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மகள் விமானம் ஏறிப் புருஷன் ஊருக்குப் போய் மூன்றாவது வாரம் போன் செய்தாள்.

"வீடியோ எப்பப்பா வரும்? கண்டவனுக்கெல்லாம் பத்து நாள்ல குடுக்கற."

"சொந்த மகள்னா கை நடுங்குதும்மா."

"நடிக்காத. நான் கார்ல ஏறும்போது நீ எங்க போன? வண்டி நகரும்போதுதான் ஓடி வந்த."

"வயர் பிரச்சினை."

"உனக்கு எப்பவும் வயர்தான். சரி, பெரியப்பா வாசலுக்கு வந்தாரா? நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன், கண்ணுல படவே இல்ல. எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தவர்ப்பா அவரு. உன் மேல கோவம்னா என் மேலயுமா?"

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. கத்திரியால் அதைத் தாங்க முடியவில்லை.

"வந்தாரும்மா. ஓரமா நின்னாரு. வீடியோல பாரு."

போனை வைத்த பிறகுதான், வாய் என்ன வம்பை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறது என்று உறைத்தது.

கல்யாணத்தைப் படம் பிடித்தது அவருடைய கூட்டாளிப் பெண். யார் எதற்குக் கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பாள். அதுவே அவளுக்குப் பேராகிவிட்டது. அவள் எடுத்த ஒன்பது மணி நேரப் பதிவையும் கத்திரி துழாவினார். வாசல் காட்சியில் அண்ணன் மருந்துக்கும் இல்லை. கடைசியில் ஓர் இடத்தில் அகப்பட்டார். நடைவழியில், கழிவறைக்கு எதிரே, மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எப்படி வந்துச்சு?"

"கேக் எடுக்கப் போனேன் சார். ரெண்டாவது கேமராவை நாற்காலில வெச்சவ, அணைக்காமலே இன்னொன்னோட வாசலுக்கு ஓடிட்டேன்," என்றாள் ஒருநிமிஷம்.

"நல்லதாப் போச்சு."

"அவசரத்துல நிக்கறவரு சார் அது. விட்ருங்க, பாவம்."

"உனக்கும் எனக்கும்தான் அது கக்கூஸ் கதவு. பாத்துக்கிட்டே இரு."

கதவைப் படத்துக்கு வெளியே தள்ளினார். பின்னணியை மங்கலாக்கினார். மஞ்சளை ஏற்றினார். மகள் காரில் ஏறுமுன் திரும்பிப் பார்க்கிறாள். பலகை முகம், மெதுவாக, நான்கு வினாடி. கார்க் கதவு மூடுகிறது. அடியில் ஒரு வயலினை இழுக்கவிட்டார். ஒருநிமிஷம் மூக்கை உறிஞ்சினாள். அது எந்தக் கதவு என்று தெரிந்தவள், இருந்தும் உறிஞ்சினாள்.

வீடியோ குடும்பக் குழுவுக்குப் போன அன்றே மூன்று சித்திகள் அழுதார்கள். ஒரு மாமா, "இவரையா பலகைன்னோம்? பஞ்சு!" என்று எழுதினார். மகள் குரல் பதிவு அனுப்பினாள். அதில் பேச்சே இல்லை, விம்மல்தான் இருந்தது. கத்திரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், முதல் கியரிலேயே ஏறுகிற நடை. கத்திரிக்கு அது யார் நடை என்று தெரியும். காலர் தானாக இறங்கிவிட்டது.

பதினோரு வருஷம் கழித்து அண்ணன் பேசிய முதல் வார்த்தை, "போடு."

"என்னண்ணே போடறது? டீயா?"

"வெட்டாததைப் போடு. முழுசா."

கத்திரி மனசுக்குள் கணக்குப் போட்டார். குழாய்க்கே பதினோரு வருஷம். கக்கூஸ் கதவைப் பார்த்தால்? மிச்ச ஆயுள் பத்தாது. சாவு வீட்டில்தான் இனி பார்த்துக்கொள்ள வேண்டும். அதிலும் ஒருவர் படுத்திருப்பார்.

"அழிஞ்சுபோச்சுண்ணே. டிஸ்க்ல ஏதோ கோளாறு."

"காலைலகூட இருந்துச்சே சார்," என்றாள் ஒருநிமிஷம்.

"நீ ஒரு நிமிஷம் வெளிய போறியா?"

அண்ணன் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். தேர்வு வண்டியில் உட்காருகிற அதே விறைப்பு. சீட் பெல்ட் ஒன்றுதான் குறை.

"வாசலுக்கு நான் வரவே இல்ல. எனக்குத் தெரியாதா? காலைலேர்ந்து ஒவ்வொருத்தரா போன் பண்ணி என்னைக் கொஞ்சறாங்க. எதைக் கொண்டுவந்து எங்கடா ஒட்டின? போடு."

போட்டார். வேறு வழியில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: அந்த நடைவழிக் காட்சியைக் கத்திரியும் முழுதாகப் பார்த்ததில்லை. வேண்டிய நான்கு வினாடி கிடைத்ததும் நிறுத்திவிடுவதுதான் இருபத்தாறு வருஷமாக அவர் கைக்குப் பழக்கம்.

திரையில் பலகை நின்றார். மூடிய கதவு. உள்ளே குழாய் முழு வேகத்தில் ஓடுகிற சத்தம். ஒரு நிமிஷம் ஆனது. ஓர் இளைஞன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். பலகை குறுக்கே கையை நீட்டினார், சாலையில் வண்டியை நிறுத்துவதுபோல.

"மாடில இன்னொன்னு இருக்கு. அங்க போ."

"சார், ரொம்ப அவசரம்..."

"போன்னா போ."

அடுத்து ஒரு பெரிய அம்மாள் வந்தார். அவருக்கும் மாடிதான். பலகையின் கண் கதவைவிட்டு நகரவில்லை. அப்போது குழாய்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட நாய்க்குட்டி கத்துமே, அந்த மாதிரி. கத்திரியின் காது சூடாகிவிட்டது. அந்த நாய்க்குட்டியை அவருக்கு நன்றாகத் தெரியும். மகள் காரில் ஏறப்போகிற நேரத்தில் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்கக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு வினாடிச் சட்டம் போட்ட மனுஷன் நான்கு நிமிஷம் அழுதிருக்கிறார். வயர் பிரச்சினையாம்.

நான்காவது நிமிஷத்தில் குழாய் நின்றது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பலகை சட்டென்று திரும்பி, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் மேல் எழுதியிருந்ததைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படிக்க ஆரம்பித்தார். கத்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் ஓடினார். பலகை கொஞ்சம் பொறுத்தார். பிறகு பாதி உடம்பைக் கழிவறைக்குள் நீட்டி, சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கினார். வந்த வழியே நடந்து போனார். ஆதியிலிருந்து அந்தம்வரை முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

கீழே செருப்புக் கடையில் யாரோ ஏழாம் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கதவைத் தட்டியிருக்கலாமேண்ணே."

"தட்டி? என்ன கேக்கறது? நானும் உள்ள வரட்டுமான்னா?"

"இல்ல... குழாய் வேற..."

"ஒழுகற குழாயைக் கண்டா எனக்கு ஆகாது. உனக்குத் தெரியாததா?"

அண்ணன் திரையைக் காட்டினார்.

"அந்த வயலினைத் தூக்கு. மஞ்சளைத் தூக்கு. மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி இருக்கேன். நான் ஒண்ணும் அழுமூஞ்சி இல்ல."

தூக்கினார். நான்கு வினாடியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் நடைவழியை முழுசாக வைத்தார். நான்கு நிமிஷம் இருபது வினாடி. ஒரு வெட்டு இல்லை. இருபத்தாறு வருஷத் தொழிலில் அவர் செய்த மிக மோசமான எடிட்டிங்.

புதிய வீடியோவைப் பார்த்துக் குடும்பமே குழம்பிப்போனது. குழாய்ச் சத்தம் காதைக் குடைகிறதென்று எல்லோரும் ஒலியை அணைத்துவிட்டே பார்த்தார்கள். பஞ்சு என்று எழுதிய மாமா, நல்ல சிறுநீரக டாக்டர் ஒருவரின் நம்பரை அனுப்பினார். தம்பியும் உள்ளே அவ்வளவு நேரம் இருந்ததைக் கவனித்த ஒரு சித்தி, இது பரம்பரை வியாதி என்று முடிவு கட்டினார். மற்ற இரண்டு சித்திகளும் வழிமொழிந்தார்கள்.

"திருத்திச் சொல்லட்டுமாண்ணே?"

"வேணாம். இதுவே இருக்கட்டும். மரியாதையா இருக்கு."

அவர் இப்போது மத்தியானத்தில் மாடிக்கு வந்துவிடுகிறார். அந்த ஒற்றை நாற்காலி பறிபோனதால் கத்திரி நின்றுகொண்டே வெட்டுகிறார். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் ஓடும்போது, "மாப்பிள்ளை கார் இண்டிகேட்டர் போடல பாரு" என்று அண்ணன் ஃபெயில் போடுகிறார்.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் மகள் கூப்பிட்டாள். அவள் ஒலியை அணைக்காமல் பார்த்திருக்கிறாள் போல.

"அப்பா."

"சொல்லும்மா."

"வயர் பிரச்சினை சரியாயிடுச்சா?"

கத்திரி பதில் சொல்லத் தொண்டையைச் செருமினார். செருமிக்கொண்டே இருந்தார். பலகை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி, போனை வாங்கிக்கொண்டார்.

"பெரியப்பா பேசறேன். அங்க சைக்கிள் ஓட்டறியா?"

"..."

"ஹெல்மெட் போடறியா?"