பேர் வெட்டினால் பாதி விலை

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தலையணை உறைக்குள் வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கைப்பையின் உள் அறைக்கு மாற்றினேன். பிறகுதான் பல் துலக்கினேன். பசுமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கு என்னைத் தலைமையாசிரியையாகத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், சம்மதத்தை வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டும் என்றும் அதில் இருந்தது. பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையும் சமையற்கட்டுமாகத் தனி வீடும் உண்டாம். பேரையூரில் அண்ணன் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன், உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை. எனக்கு வயது நாற்பத்து நான்கு. வேண்டாம் என்று எழுதுவது சுலபம். வேண்டும் என்று எழுதினால் அதை மதினியிடம் சொல்ல வேண்டும். நான்கு நாளாகக் கடிதம் தலையணைக்குள்ளேயே கிடந்ததற்கு அதுதான் காரணம்.

பயணத்தின் காரணம் வேறு. அண்ணன் மகள் வசந்தாவுக்கு ஆவணியில் கல்யாணம். பாத்திரம் வாங்க நானும் மதினியும் இந்த ஆடியிலேயே, போன சனிக்கிழமை, மதுரைக்குப் போனோம். கல்யாணச் சாமானை ஆடியில் வாங்கலாமா என்று எதிர்வீட்டில் கேட்டதற்கு, “ஆடியில வாங்கி ஆவணியில குடுத்தா பாத்திரத்துக்குத் தெரியவா போகுது? தள்ளுபடிய நாம விட்டா அவுகளுக்கா நட்டம்?” என்றார் மதினி. தள்ளுபடி பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. ஆனியில் ஏற்றி வைத்த விலையைத்தான் ஆடியில் இறக்குகிறார்கள். ஏறும்போது யாரும் போர்டு வைப்பதில்லை.

காலை ஆறு பத்துக்குப் பேருந்து. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஆளுக்கு நாலு ரூபாய் இருபது காசு. ஆடிக் காற்றில் கரிசல் மண் முகத்தில் அடிக்கும், அதனால் ஜன்னல் ஓரம் வேண்டாம். நான் மட்டும் வேண்டுமென்றே ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். திருப்பரங்குன்றம் தாண்டியதும் பசுமலை வரும். குன்றும், பள்ளிக்கூடக் கட்டடங்களும், வேப்பமரங்களும் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிட்டன. ஏதாவது ஒரு கட்டடத்துக்குப் பின்னால் சின்ன வீடு தெரிகிறதா என்று தேடினேன். “அங்கிட்டு என்ன பாக்குற?” என்றார் மதினி. “சும்மாதான்” என்றேன்.

எட்டேகாலுக்கு மதுரை. பேருந்து நிலைய வாசலிலேயே மதினி பூ கேட்டார். முழம் ஐம்பது காசு. பூக்காரப் பெண் தன் கையால் அளந்ததும் மதினி நிறுத்தினார்.

“ஒங்கை குட்டையால்ல இருக்கு. எங்கையால அளந்து போடு.”

“ஒங்க கையால அளந்தா ஒங்க கைக்கு உண்டான வெலை குடுக்கணும்க்கா.”

“எங்கைக்கு எம்புட்டு?”

“அறுபது காசு.”

மதினி சிரித்துவிட்டார். சிரித்தவருக்குப் பேரம் பேச வராது. ஐம்பது காசுக்குக் குட்டை முழமே வாங்கினோம். முழங்கையை அளவுகோலாக வைத்தவர்கள் உயரமான பூக்காரியாகத் தேடிப் பிடிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண் முடிந்து கொடுக்கும்போது இரண்டு விரல்கடை சரத்தைக் கூட விட்டதைப் பார்த்தேன். அளவு அவள் கையில் இருந்தது. நியாயம் அந்த இரண்டு விரல்கடையில் இருந்தது.

வெண்கலக்கடைத் தெருவுக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடம். நாங்கள் போன கடையில், கல்யாணச் சாமான் எடுத்தால் பிளாஸ்டிக் கூடை இலவசம், பெயர் வெட்டுவதும் இலவசம். எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்காத கடை அது. உமா என்றாலும் விசாலாட்சி என்றாலும் ஒரே கூலி, அதாவது கூலியே இல்லை. என் பெயர் விசாலாட்சி என்பதால் எனக்கு இந்த நியாயம் மிகவும் பிடித்தது.

இரண்டு மணி நேரம் மதினி ஒவ்வொரு பாத்திரத்தையும் விரலால் தட்டிப் பார்த்து எடுத்தார். அண்டா, குடம், தட்டுகள், கடைசியாக வசந்தாவும் மாப்பிள்ளையும் திருப்பூரில் தனிக்குடித்தனம் போவதற்காக மூன்று சின்னச் சாமான்கள்: இரண்டு பேருக்கான காப்பி பில்டர், பால் செம்பு, அரைப்படிச் சட்டி. எல்லாம் எவர்சில்வர். மதினி கூடையின் நிறத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பில் போடுகிறவர் என்னைப் பார்த்து, “பேரு சொல்லுங்கம்மா” என்றார். சொன்னேன்.

தவறு அங்கேதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் கடையில் பெயர் கேட்டால் வீட்டு ஆண்பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள். பில் அவர் பெயரில்தான் இருக்கும். பாத்திரத்தில் வெட்டுவதற்கு மணப்பெண்ணின் பெயரைத் தனியாகச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். சீட்டு எழுத மறந்தேன். பில்லோடு சாமான்கள் பின்கட்டுக்குப் போயின. அங்கே உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தவர் சின்னதிலிருந்து ஆரம்பிக்கிற வழக்கம் உள்ளவர். மதினி எட்டிப் பார்த்தபோது பில்டர், செம்பு, சட்டி மூன்றிலும் புள்ளி புள்ளியாக, அழகான கையெழுத்தில், ‘விசாலாட்சி’ என்று விழுந்திருந்தது.

“அடப் பாவி மனுசா! பொண்ணு பேரு வசந்தாய்யா!”

“பில்லுல இருந்ததத்தானேம்மா வெட்டுனேன்.”

மதினி என் பக்கம் திரும்பினார். “நீ என்னத்துக்குத்தா ஒம் பேரச் சொன்ன? பள்ளிக்கூடத்துல அட்டண்டன்ஸா எடுத்தாக?”

“பேர் கேட்டாங்க மதினி. கேட்டா வாய்ல என் பேருதான் வருது.”

கடைக்காரர் வந்தார். அவரும் பேர் வெட்டுகிறவரும் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். பிறகு அவர் தமிழில், “பேர் விழுந்த சாமானைத் திருப்பி எடுக்க முடியாதும்மா. இன்னொரு விசாலாட்சிக்கு நான் எங்க போக?” என்றார்.

“இந்தா பாருங்க அண்ணே, எங்கிட்டச் சீட்டு கேட்டீகளா? கேக்காம வெட்டுனது உங்க தப்பு.”

“கேட்டதுக்குப் பேர் சொன்னது இவங்கதானேம்மா.”

“சொன்னது தப்புன்னா பாதித் தப்பு. கேக்காதது பாதி. பாதி வெலைக்குக் குடுங்க. வசந்தாவுக்கு வேற மூணு புதுசா எடுத்துக்கிறோம்.”

கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, மூன்றையும் சேர்த்துத் தொண்ணூற்றாறு ரூபாய் ஆவதை நாற்பத்தெட்டுக்குக் கொடுத்தார். “கூடை?” என்றார் மதினி. கூடையும் வந்தது, அவர் கேட்ட பச்சையிலேயே.

அந்த நாற்பத்தெட்டை என் பையிலிருந்து நானே கொடுத்தேன். கொடுக்கும்போது ஒன்று தோன்றியது. பேர் இல்லாத பில்டருக்கு முழு விலை. என் பேர் விழுந்ததும் பாதி விலை. கடைக்காரர் பக்கத்தில் அது நியாயம்தான். உலகத்தில் வேறு யாருக்கும் அதை விற்க முடியாது. ஆனால் என் பக்கத்திலிருந்து பார்த்தால், உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் ஆகாத பொருள் என்று எனக்கு இதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை. அதற்கு நான் இரட்டை விலைகூடக் கொடுத்திருப்பேன். நல்லவேளை, அது அவருக்குத் தெரியாது.

பகல் ஒரு மணிக்கு ஓட்டல். முழுச் சாப்பாடு மூன்றரை ரூபாய், எவ்வளவு கேட்டாலும் சாதம். பக்கத்து மேஜைக்காரர் நான்காவது தடவை சோறு வாங்கினார். அவருக்கும் எனக்கும் ஒரே டோக்கன். அவருடைய நான்காம் சோற்றை என்னைப் போன்ற பெண்கள்தான் வாங்கித் தருகிறோம் என்று மதினியிடம் சொன்னேன்.

“பசிச்சவன் தின்னுட்டுப் போறான், விடு” என்றவர் தன் அப்பளத்தை என் இலையில் வைத்தார்.  பிறகு ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒங்கண்ணனக் கட்டுனப்ப நீ கொசுறா வந்த. கருவேப்பிலை மாதிரின்னுதான் நெனச்சேன். நாலு பிள்ளைகளுக்கும் தலை பின்னிவிட்டது, படிப்பு சொல்லிக் குடுத்தது, எனக்குக் காய்ச்சல்ல கஞ்சி வச்சது, அம்புட்டும் அந்தக் கொசுறுதான். கொசுறுக்குன்னு யாரு வெலை போடுறா? போட்டிருந்தா எனக்குக் கட்டுபடியாகியிருக்காது.”

 கைப்பையைத் திறந்து கடிதத்தைக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். எச்சில் கை. விட்டுவிட்டேன்.

திரும்ப நாலரை மணிப் பேருந்து. அண்டாவுக்கும் குடத்துக்கும் லக்கேஜ் மூன்று ரூபாய் கேட்டார் கண்டக்டர். “அண்டா என்ன, சீட்லயா ஒக்காந்திருக்கு?” என்று மதினி கேட்டதில் இரண்டு ரூபாய் ஆனது. என் மூன்று பாத்திரங்களை மட்டும் நான் கூடையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டேன். மடிக்கு லக்கேஜ் இல்லை.

பசுமலை வருமுன் மதினி என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினார். மூடியபடியே, “எட்டுப் பேரு இருக்குற நம்ம வீட்டுல அந்த பில்டர வச்சு என்ன செய்யப் போற?” என்றார். நான் மடியிலிருந்த பில்டரின் மூடியை அழுத்தி மூடினேன். அதற்குள் அவர் தூங்கிவிட்டார். அல்லது தூங்குவதுபோல் இருந்தார்.

சாமான் வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை காலையிலேயே போங்கள், பகலுக்கு மேல் கூட்டம் தாங்காது. பெயரைச் சீட்டில் எழுதி, வெட்டுகிறவர் கையிலேயே கொடுங்கள். கூடையைக் கேட்டு வாங்குங்கள். கருவேப்பிலையைக் கேட்காதீர்கள், தானே கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கூட வருகிறவர் உங்கள் பக்கம் நின்று பேரம் பேசினால், அதை மறக்காதீர்கள்.

இதை எழுதுவது வியாழக்கிழமை மாலை. மூன்று பாத்திரங்களும் என் பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் இருக்கின்றன. சம்மதம் என்று எழுதிய கடிதம் உறையில் இருக்கிறது. நாளைக் காலை முதல் தபாலில் சேர்ப்பேன். இன்னும் யாருக்கும் தெரியாது. அந்த பில்டரில் இரண்டு டம்ளர் காப்பி இறங்கும். மதுரைக்கு வருகிற பேருந்தெல்லாம் பசுமலையில் நிற்கும். இரண்டாவது டம்ளர் மதினிக்கு.